உப்பு ஏறாத மடிப்பு

கண்ணாலேயே நோய் கண்டுபிடிக்கும் ஓர் இனம் உண்டு. நாடி பார்க்க மாட்டார்கள், நாக்கை நீட்டச் சொல்ல மாட்டார்கள். நீங்கள் குனிந்து செருப்பு மாட்டி நிமிர்வதற்குள் உங்கள் கழுத்து மடிப்பைப் பார்த்து, அதற்குப் பெயர் வைத்து, பரிதாபப்பட்டு, ஊருக்கும் சொல்லி முடித்துவிடுவார்கள். பீஸ் கேட்டார்களா? இல்லை. நீங்கள் கேட்டீர்களா? அதுவும் இல்லை.

ஆம்பூர்த் தோல் மண்டியில் தரம் பிரிக்கும் சுப்பராயன் மேஸ்திரி இந்த இனத்தில் முதல் தரம். பச்சைத் தோலின் மடிப்பில் உப்பு ஏறாவிட்டால் அந்த இடம் கறுத்து அழுகும். முப்பது வருஷம் அதையே பார்த்த கண்ணுக்கு உயிரோடு நடமாடும் தோலும் தோல்தான். அக்குளோ கழுத்தோ, மடிப்பு கறுத்திருந்தால் அவரிடம் மருந்து ஒன்றே: "உப்பு வச்சித் தேய்."

1931இல், மண்டி வாசலில் சோறு விற்ற மரியம்மாள் குனிந்து பரிமாறும்போது, அவள் கழுத்து மடிப்பில் ஒரு கருந்திட்டைக் கண்டார். அவளும் ஒரு வாரம் உப்பு தேய்த்தாள். திட்டு போகவில்லை, தோல்தான் உரிந்தது. மருந்து தோற்றால் இந்த இனம் மருந்தையா குறை சொல்லும்? நோயைப் பெரிதாக்கும். மேஸ்திரி குரலைத் தாழ்த்தி, மண்டி முழுக்கக் கேட்கும்படி, குஷ்டம் என்றார். மறுநாள் பானைச் சோறு பானையிலேயே இருந்தது. அது விற்றால்தான் அவள் வீட்டில் அடுப்பு எரியும்.

வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போனாள். டாக்டரம்மா திட்டைச் சுரண்டிப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார், இறகால் தொட்டு, தொடுவது தெரிகிறதா என்று கேட்டார். இது வெறும் தேமல், வேர்வை தங்கும் மடிப்பில் கறுப்பாகவும் வரும், குஷ்டத் திட்டு வெளுத்து மரத்திருக்கும் என்று சொல்லி ஒரு டப்பா களிம்பு கொடுத்தார்.

திரும்பி வந்து சொன்னாள். யாரும் கிட்டே வரவில்லை. மேஸ்திரி குனிந்து ஓர் ஆட்டுத்தோலைப் புரட்டிக்கொண்டிருந்தார். பின்னால் நின்றவள் நிதானமாகக் கேட்டாள்: "மேஸ்திரி, உங்க பின்கழுத்து இன்னா தரம்?"

எல்லாரும் பார்த்தார்கள். இரண்டு மடிப்பு, இரண்டிலும் கறுப்பு. காலர் கறை என்றார் மேஸ்திரி. தோல் சுமக்கும் கன்னியப்பன் ஈரத்துணியால் வெகு அக்கறையாகத் துடைத்துப் பார்த்தான்.

"போவல மேஸ்திரி. உப்பு எடுத்தாரட்டா?"

சாயங்காலம், எல்லாரும் கலைந்தபின், மேஸ்திரி வந்து டப்பாவில் களிம்பு மீதி இருக்கிறதா என்று விசாரித்தார்.

"நாளிக்கு மத்தியானம் எல்லாரும் பாக்க இங்க உக்காந்து சாப்டுங்க. அப்புறம் தர்றேன்."

சாப்பிட்டார். இரண்டாம் முறை குழம்பும் கேட்டார். பானை காலியாயிற்று.

நீங்கள் இந்த இனமில்லைதான். ஆனாலும் இதைப் படிக்கும்போதே பக்கத்தில் இருப்பவர் கழுத்தை ஒருமுறை பார்த்தீர்களே? அவர் உங்கள் கழுத்தை நேற்றே பார்த்துவிட்டார்.