டர்பைன் பீடம்

டர்பைன் வைக்கக் கட்டிய கான்கிரீட் தூணுக்கு யாரோ மீசை வரைந்திருந்தார்கள்.

நமச்சிவாயம் குடையை மடக்கிக்கொண்டு சற்று நேரம் அதையே பார்த்தார். வெள்ளைச் சுண்ணாம்பு, காவிப் பட்டை, உருட்டி விழிக்கும் இரண்டு கண்கள், மேலே அரளி மாலை. பதினொரு மணிக்குச் சென்னையிலிருந்து மேலதிகாரி தேவசிகாமணி வருகிறார்.

திசையன்விளைக்குத் தெற்கே செம்மண் காட்டில் எரிவாயு மின்நிலையத்துக்கு அடிக்கல் நாட்டியது தொண்ணூற்றொன்றில். ஐந்து வருஷம் ஓடிவிட்டது. நான்கு தூண்கள் எழும்பின. குழாய் வழியே வரவேண்டிய எரிவாயு வரவில்லை. ஒப்பந்தக்காரர் போனார். பொறியாளர்கள் போனார்கள். எழுத்தர் நமச்சிவாயம் மட்டும் தினமும் பாளையங்கோட்டையிலிருந்து பஸ் ஏறி வந்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பினார். மேலே போகப் போகக் குறுகும் தூண் என்றால் இந்தப் பக்கத்து மக்களுக்கு அது சுடலைமாடன் பீடம்தான். அவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்?

வேலை நடக்கவில்லை என்று இந்த அலுவலகத்தை மூடினால் அவருக்குக் குஜராத்துக்கு மாற்றல். வீட்டிலோ மாமனார் பக்கவாதத்தில் கிடக்கிறார். விடியலிலும் இரவிலும் அவரைத் தூக்கி உட்காரவைப்பது நமச்சிவாயம்தான். மனைவி ஞானம்பாளால் தனியாக முடியாது.

"எப்படியாவது வேலை நடக்குத மாதிரி காட்டிருங்க. மத்ததைச் செந்தூர் முருகன் பார்த்துக்கிடுவான்" என்று சொல்லி அனுப்பியிருந்தாள்.

சாமியாடி இசக்கியப்பனைக் கூப்பிட்டு, மீசையை மட்டுமாவது அழிக்க முடியுமா என்று பையக் கேட்டார்.

"நீரு சைவம். தெரியாமக் கேட்டுட்டீரு. மாடன் பொறுத்துக்கிடுவான். ரெண்டாந்தடவை கேட்டுராதேயும் வே."

உண்மையில் நமச்சிவாயத்துக்கே சாமியை அழிக்க மனம் வரவில்லை. தார்ப்பாய் போட்டு மூடி, உள்ளே இயந்திரம் இருக்கிறது என்று சொல்லிவிடலாம் என முடிவு செய்தார். மூடியதும் இசக்கியப்பனின் முகம் வாடிப்போயிற்று. சாமியை இருட்டில் உட்காரவைத்தால் சாம்பிராணியாவது போட வேண்டாமா என்றவர், பதிலுக்குக் காத்திராமல் போட்டும்விட்டார்.

அடுத்தது ஆட்கள். பத்துப் பேர் சட்டி, மண்வெட்டியோடு நின்றால் போதும் என்று ஊருக்குள் சொல்லியனுப்பினார். அண்ணாச்சிக்கு ஓர் உதவி என்றதும் அறுபது பேர் வந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை, சாமியை வேறு மூடி வைத்திருக்கிறது. ஏதோ கோயில் கொடைவிழாதான் போலிருக்கிறது என்று பெண்கள் பொங்கல் பானையோடு வந்தார்கள். மேளமும் வந்தது. அவர்களைத் திருப்பி அனுப்ப வாயெடுப்பதற்குள் அடுப்பு பற்றிக்கொண்டது.

கார் வந்து நின்றபோது குலவைச் சத்தம் காதைப் பிளந்தது. தேவசிகாமணி ஒரு காலைக் கீழே வைத்து, ஒரு காலைக் காருக்குள் வைத்தபடி கேட்டார்.

"இவ்வளவு பேரா வேலை செய்யறாங்க?"

"இது காலை ஷிப்ட் சார்."

நமச்சிவாயம் பொய் சொல்லிப் பழகாதவர். இந்த ஒன்றுக்கே சட்டை நனைந்துவிட்டது. அதற்குள் தார்ப்பாயின் இடுக்கிலிருந்து புகை சுருள் சுருளாக வந்தது.

"என்னய்யா புகை? எரிவாயுதான் இன்னும் வரலையே."

"வெள்ளோட்டம் பாக்கோம் சார்."

"எதை எரிச்சு?"

"சாம்பிராணி" என்று உண்மை தானாக வெளியே விழுந்தது.

அதிகாரி தார்ப்பாயை விலக்கினார். மாடன் அவரைப் பார்த்தான். மேளக்காரர் இதற்காகவே காத்திருந்ததுபோல அடித்தார். இசக்கியப்பனுக்கு அருள் வந்துவிட்டது. ஒரு கை திருநீற்றை அதிகாரியின் நெற்றியில் அப்பி, "ஏலே, எதுக்குலே வந்திருக்க?" என்று கேட்டார்.

தலைமை அலுவலகத்தில் அவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. "ஆய்வுக்கு" என்று கைகூப்பியபடி சொன்னார்.

பொங்கல் கிண்டிக்கொண்டிருந்த தங்கத்தாய் அகப்பையோடு முன்னால் வந்தாள். பெரிய ஆபீசர் வந்திருக்கும்போது அண்ணாச்சிக்கு ஒரு நல்ல பெயர் வாங்கித் தரவேண்டும் என்பது அவள் ஆசை.

"ஐயா, நாலு வருசமா இங்கன ஒரு செங்கல்லு அசையல. ஒரு சோலியும் கிடையாது. ஆனாலும் இவுக ஒருநாள் தவறாம வந்து, ஆபீஸ் தண்ணி மோட்டாரைப் போட்டு எங்க குடத்தையெல்லாம் நிரப்பிக் குடுத்துட்டுத்தான் போவாக. இவுக இல்லன்னா எங்களுக்கு உப்புத்தண்ணிதான். இவுகளை இங்கனயே விட்டிருங்கய்யா."

நமச்சிவாயம் கண்ணை மூடிக்கொண்டார். மாமனாரின் கட்டில் தெரிந்தது.

"இந்தம்மா சொல்றது நிஜமா?"

இன்னொரு பொய்க்கு அவரிடம் தெம்பில்லை. அந்தப் பெண்ணைப் பொய்யாக்கவும் மனம் இல்லை.

"நிஜம் சார்."

தேவசிகாமணி அவரை உற்றுப் பார்த்தார். பிறகு கோப்பைத் திறந்து, 'இத்தளத்தில் பணி எதுவும் நடைபெறவில்லை' என்று எழுதி, கீழே நமச்சிவாயத்திடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டார். தங்கத்தாய் நீட்டிய பொங்கலை வாங்கிக்கொண்டு, மாடனுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

நமச்சிவாயம் காரருகே போய் நின்றார். டிரைவர் பெருமாள்ராஜ் களக்காட்டுக்காரன். அவனும் இலையை வழித்துத் தின்றுகொண்டிருந்தான்.

"தம்பி, குஜராத்துல புழுங்கலரிசி கிடைக்குமா?"

பெருமாள்ராஜ் விரலை நக்கிவிட்டு அவரை ஏற இறங்கப் பார்த்தான்.

"நீங்க எதுக்கு அண்ணாச்சி அங்க போணும்? செலவைக் குறைக்கணும்னு வேலை நடக்குத இடத்தைத்தான் மூடுதாங்க. சும்மா கெடக்குத இடத்துல இருக்க ஆளை அப்படியே காவலுக்கு விட்டுருதாங்க."