டங்கண்ணனும் வரதராஜன் டிரான்சிஸ்டரும்

உலகத்தில் உள்ள அத்தனை பொருட்களையும், மனிதர்களையும், செய்திகளையும் இரண்டே சத்தத்துக்குள் அடக்கிவிட்ட ஒரே ஆசாமி எங்கள் விருத்தாசலத்தில்தான் இருந்தார். டங் என்றால் நல்லது. டொக் என்றால் தள்ளு. இரண்டுக்கும் நடுவில் மூன்றாவதாக ஒரு சத்தம் இருக்கலாமே என்று யாராவது கேட்டால், கேட்டவரையே டொக் கணக்கில் சேர்த்துவிடுவார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். அவர் வேலை பார்த்த பீங்கான் தொழிற்சாலையில் குமாஸ்தாவாக இருந்த நான் அதைச் சம்பள ஏட்டில் மாதா மாதம் பார்த்துமிருப்பேன். இன்று மண்டையைக் குடைந்தாலும் வரவில்லை. எல்லாருக்கும் அவர் டங்கண்ணன். மேனேஜர்கூட "டங்கைக் கூப்பிடு" என்றுதான் சொல்வார்.

அவருடைய வேலையே தட்டுவதுதான். மின்கம்பத்தில் மாட்டும் பீங்கான், பியூஸ் கேரியர், டீக் கப் என்று சூளையில் வெந்து இறங்கும் சரக்கையெல்லாம் சாண் நீள மரக்கட்டையால் ஒரு தட்டுத் தட்டி, தலையைச் சாய்த்துக் கேட்பார். பழுதில்லாத பீங்கான் டங் என்று கொஞ்ச நேரம் நின்று பேசும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் டொக் என்று உடனே வாயை மூடிக்கொள்ளும். அவர் நல்லது என்று அனுப்பிய சரக்கு எதுவும் திரும்பி வந்ததில்லை. அதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. சிக்கல் என்னவென்றால், மற்றவர்களைப் போல அவர் வேலையைத் தொழிற்சாலை வாசலில் விட்டுவிட்டு வருவதில்லை. கட்டை சட்டைப் பையிலேயே இருக்கும்.

சந்தையில் தேங்காய்க்காரர்கள் அவர் தலையைக் கண்டால் கோணியை இழுத்து மூடுவார்கள். பெண் பார்க்கப் போன இடத்தில் காபி வந்த எவர்சில்வர் தம்ளரைத் தட்டி, டொக் என்று கேட்டதும் முகத்தைச் சுளித்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டாராம். நிறையக் காபி ஊற்றினால் எந்தத் தம்ளரும் டொக் என்றுதான் சொல்லும். அதை எடுத்துச் சொல்லும் தைரியம் யாருக்கும் இல்லாததால் அவருக்குக் கடைசிவரை கல்யாணம் ஆகவில்லை.

ஊருக்குள் புதுப்புதுச் சாமான்களாக வந்துகொண்டிருந்த காலம் அது. ஒவ்வொன்றும் அவரிடம் பரீட்சை எழுதியாக வேண்டும். பிரஷர் குக்கர் பாஸ். கைக்கடிகாரம் பெயில். தானே தட்டிக்கொண்டிருக்கிற ஒன்றை நாம் எப்படித் தட்டிக் கேட்பது என்பது அவருடைய வாதம். மேனேஜர் வீட்டுக்கு ஃபிரிட்ஜ் வந்தபோது நாங்கள் எல்லாரும் கோயிலுக்குப் போகிற மாதிரி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய்ப் பார்த்தோம். டங்கண்ணன் கதவில் ஒரு தட்டுத் தட்டினார். மேனேஜர் மனைவிக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"சூடு பண்ண மெஷின் வேணும், ஒத்துக்கறேன். ஆற வெக்க எதுக்குங்க மெஷினு? சும்மா வெச்சாலே ஆறிடுமே."

அந்த அம்மாள் ஃபிரிட்ஜைத் திறந்து, உள்ளேயிருந்த மோரை எடுத்துக் கொடுத்தார். இரண்டு தம்ளர் குடித்துவிட்டு, மோர் நல்ல மோர் என்று சொன்னார் டங்கண்ணன். ஃபிரிட்ஜுக்கு அதில் பங்கு உண்டு என்பதை மட்டும் அவர் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

ஜங்ஷன் போகும் வழியில் ஓர் ஓட்டு வீட்டில் நாங்கள் சில பேர் தங்கியிருந்தோம். கல்யாணமாகாதவர்கள், குடும்பத்தை ஊரில் விட்டுவந்தவர்கள், எல்லாரும் தொழிற்சாலை ஆட்கள். டங்கண்ணனுக்கு ஜன்னல் மூலை. எங்களில் வசதிக்காரன் ஸ்டோர் கீப்பர் வரதராஜன். அவனுக்கு இரண்டு சொத்துகள் இருந்தன. மச்சான் சிங்கப்பூரிலிருந்து அனுப்பிய டிரான்சிஸ்டர் ஒன்று. டிரங்குப் பெட்டி நிறையத் துப்பறியும் நாவல்கள் இன்னொன்று. சாயங்காலம் டிரான்சிஸ்டரில் செய்தி கேட்போம். அது முடிந்ததும் வரதராஜன் நாவல் வாசிப்பான்.

டங்கண்ணன் செய்தியைக் கேட்கமாட்டார். செய்தி வாசிக்கிறவரின் குரலைக் கேட்பார். எங்கோ இரண்டு நாடுகள் சண்டையை நிறுத்திக்கொண்டன என்று வரும். சமாதானம் என்று சொல்லும்போது வாசிக்கிறவருக்குத் தொண்டை கம்முகிறது, ஆகவே இது நிலைக்காது என்பார். சண்டை மறுபடி மூண்டால், "பாத்தீங்களா?" மூளாவிட்டால், அன்றைக்கு வாசித்தவருக்கு ஜலதோஷம். இந்த ஏற்பாட்டில் அவர் ஒருமுறைகூடத் தோற்றதில்லை. நாளைக்குப் பக்கத்தில் இருக்கும் கருவேப்பிலங்குறிச்சியில் மழை வருமா என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குவார். ஆப்பிரிக்காவில் எந்த ஆட்சி கவிழும் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

நாவல் வாசிப்பு இன்னும் வேடிக்கை. வரதராஜன் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குரல் கொடுத்து, மூச்சை இழுத்து விட்டு, சினிமாக் கொட்டகையே தோற்றுப்போகிற மாதிரி வாசிப்பான். பிணம் விழுந்து நாலு பக்கம் தாண்டுவதற்குள் டங்கண்ணன் கையைத் தூக்கிவிடுவார்.

"நிறுத்துப்பா. அந்த டாக்டரு டொக்கு."

கடைசிப் பக்கத்தில் டாக்டர் கையில்தான் விலங்கு விழும். வக்கீல் என்றால் வக்கீல். சாதுவான தங்கை என்றால் அந்தத் தங்கையேதான். வரதராஜன் புத்தகத்தை விசிறி எறிவான். இதில் இருந்த சூட்சுமம் எனக்கு ஒருவனுக்குத்தான் பிடிபட்டிருந்தது. வரதராஜன் எந்த நாவலையும் முன்கூட்டியே படித்துவிட்டுத்தான் எங்களுக்கு வாசிப்பான். கொலைகாரன் பேசுகிற இடம் வந்தால் போதும், அவனை அறியாமலே அவன் குரல் குழைந்துவிடும். டங்கண்ணன் தட்டிப் பார்த்தது நாவலை அல்ல, வரதராஜனை.

மனிதன் நிலாவில் இறங்கப்போகிறான் என்று ஊரெல்லாம் பேச்சாக இருந்தபோதுதான் அந்தக் கலவரம் நடந்தது. ஜன்னலில் வைத்திருந்த டிரான்சிஸ்டர் சாரலில் நனைந்து கரகரக்க ஆரம்பித்திருந்தது. செய்தி வாசிக்கிறவர் வாய் நிறைய வெற்றிலையோடு பேசுவது போல இருந்தது. எங்கள் எல்லாரையும்விட டங்கண்ணனுக்குத்தான் தவிப்பு. நிலாவுக்குப் போவது நிஜமா புளுகா என்று டீக்கடையில், சலூனில், பஸ் நிறுத்தத்தில் எல்லாரும் அவரைத்தான் கேட்டார்கள். குரல் தெளிவாகக் கேட்காமல் தீர்ப்பு எப்படிச் சொல்வது? ஈரம் இருந்தால் எதுவும் பேசாது, ஈரம் இருந்தால் எதுவும் பேசாது என்று ஒரு நாள் முழுக்க முணுமுணுத்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால் டிரான்சிஸ்டரைக் காணோம்.

வரதராஜனுக்கு வருத்தம் இருந்தது. அதைவிட உற்சாகம் அதிகமாக இருந்தது. இத்தனை வருஷம் படித்ததெல்லாம் இப்போதுதான் உபயோகப்படப்போகிறது. யாரும் வெளியே போகக்கூடாது என்று கதவைச் சாத்தினான். கைரேகை எடுக்கிறேன் என்று எல்லாருக்கும் பொதுவாக இருந்த முகப்பவுடர் டப்பாவை ஜன்னல் கட்டையில் கொட்டினான். எங்கள் எல்லாருடைய ரேகையும் அங்கே இருந்தது, ஒரு பல்லியின் ரேகையும் இருந்தது. பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடந்தான். நாங்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு சுவரோரம் வரிசையாக நின்றோம்.

சிரிப்பு ரொம்ப நேரம் நிலைக்கவில்லை. கதவைத் தட்டிக்கொண்டு சவரிமுத்து வந்தான். சூளையில் சரக்கு ஏற்றுகிற கம்மாபுரத்துப் பையன். இருபத்தைந்து வயதிருக்கும். மத்தியானத்தில் வந்து எங்கள் குடத்தில் தண்ணீர் நிரப்பிவிட்டுப் போவான், சாயங்காலம் செய்தி கேட்க வருவான். வீட்டுச் சாவி எந்த ஓட்டுக்கு அடியில் இருக்கும் என்று தெரிந்த ஒரே வெளியாள் அவன்தான். அடுத்த மாதம் அவனுக்கு வேலை நிரந்தரமாகும் என்று மேனேஜர் வாக்குக் கொடுத்திருந்தார். அதற்காகவே அவன் கல்யாணத்தைத் தள்ளி வைத்திருந்தார்கள்.

மத்தியானம் நீ மட்டும்தானே இங்கே வந்தாய் என்று ஆரம்பித்தான் வரதராஜன். ஆமாம் என்றான் சவரிமுத்து. போகும்போது கையில் என்ன இருந்தது என்றான். வெறும் வாளி என்றான். விடிந்ததும் மேனேஜரிடம் சொல்லப்போவதாக வரதராஜன் முடித்தபோது, அந்தப் பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. திருட்டுப் பட்டம் வந்துவிட்டால் வேலையும் போச்சு, பெண்ணும் போச்சு.

"நான் எடுக்கலீங்க சார். அந்தப் பொட்டிய இதுவரைக்கும் தொட்டதுகூட இல்லீங்க."

வரதராஜன் ஜன்னல் மூலைப் பக்கம் திரும்பினான்.

"எத்தினி கொலகாரன புடிச்சிருக்கீங்க அண்ணே. இவன் குரலக் கேட்டீங்கல்ல? நீங்களே சொல்லுங்க, டங்கா டொக்கா?"

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. வேலையிலிருந்து வந்ததிலிருந்து டங்கண்ணன் எதையுமே தட்டவில்லை. தம்ளரைத் தட்டவில்லை, கதவைத் தட்டவில்லை, பவுடர் டப்பாவைக்கூடச் சும்மா விட்டுவிட்டார். வயிற்று வலியாக இருக்கும் என்று நினைத்தேன். எனக்குத் துப்பறியும் மூளை கிடையாது.

"டங்கு," என்றார் டங்கண்ணன். "இதவிட நல்ல சரக்கு இந்த வூட்டுல கெடையாது."

அப்படியானால் டொக் யார் என்று வரதராஜன் விடாமல் கேட்டான்.

தெருவில் போன எவனோ என்று அவர் சொல்லியிருந்தால் போதும். நாங்கள் நம்பியிருப்போம். சவரிமுத்துவும் தப்பியிருப்பான், அவர் பெயரும் தப்பியிருக்கும். அவர் எழுந்து போய், தன் படுக்கைக்கு அடியிலிருந்து துண்டில் சுற்றிய மூட்டை ஒன்றைக் கொண்டுவந்து நடுக்கூடத்தில் பிரித்து வைத்தார். ஆறிப்போன களியைப் போலக் கறுப்பாக ஒரு கட்டி. ஓரத்தில் ஏரியல் கம்பி மட்டும் நீட்டிக்கொண்டிருக்காவிட்டால் அது என்னவென்றே தெரிந்திருக்காது.

விஷயத்தை அவரே சொன்னார். சவரிமுத்து தண்ணீர் ஊற்றிவிட்டுப் போன பிறகு, சாப்பாட்டு வேளையில் வந்து டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறார். சூளைக்குப் பக்கத்தில் இன்னும் வேகாத பச்சைக் கப்புகளைக் காயப்போடுகிற அலமாரியில் அவற்றோடு அதையும் வைத்திருக்கிறார். ஈரம் வற்றினால்தான் மண்ணுக்குக் குரல் வரும், ரேடியோவுக்கும் அப்படித்தானே? கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடலாம் என்றுதான் நினைத்திருக்கிறார். அதற்குள் தட்டிப் பார்க்க ஒரு வண்டிச் சரக்கு வந்து இறங்கியிருக்கிறது. தட்ட ஆரம்பித்தால் அவருக்கு உலகம் மறந்துவிடும்.

"காயட்டும்னுதான் வெச்சேன். வெந்து போச்சுப்பா."

சொல்லிவிட்டுச் சட்டைப் பையிலிருந்து கட்டையை எடுத்தார். தன் நெற்றியில் ஒரு தட்டுத் தட்டினார். தொழிற்சாலையில் செய்வதைப் போலவே தலையைச் சாய்த்து, நிதானமாகக் கேட்டார்.

"டொக்கு," என்றார். கட்டையைத் தரையில் வைத்துவிட்டுத் தன் மூலைக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

யாரும் சிரிக்கவில்லை. ஒரு நாளும் தோற்காத மனிதர் தோற்பதைப் பார்ப்பது அவ்வளவு சுலபமில்லை. வரதராஜன் சவரிமுத்துவின் கையைப் பிடித்துக்கொண்டு மன்னித்துக்கொள் என்றான், பிறகு போய்த் தன் டிரங்குப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டான். துப்பறிகிறவரே திருடர் என்று முடிகிற கதை அவன் பெட்டியில் ஒன்றுகூட இல்லை.

நிலாச் செய்தியை நாங்கள் ஜங்ஷன் டீக்கடை ரேடியோவில்தான் கேட்டோம். காலையில் அங்கே நிற்க இடமில்லை. செய்தி வாசித்தவரின் குரல் கணீரென்று இருந்தது. மனிதன் நிலாவில் கால் வைத்துவிட்டான் என்று சொல்லி முடித்ததும், கூட்டம் மொத்தமும் டங்கண்ணன் பக்கம் திரும்பியது. நிஜம்தானா என்று டீ மாஸ்டர் கேட்டார்.

"தெரியலீங்க. நான் என்னத்தக் கண்டேன்."

நிலாவுக்குப் போனவர்கள் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டார்கள் என்று கேட்டிருந்தால்கூட ஊர் அப்படிச் சோர்ந்திருக்காது. அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து சவரிமுத்து முன்னால் வந்தான். மடியிலிருந்து எதையோ எடுத்தான். அன்றைக்கு எங்கள் வீட்டுத் தரையில் கிடந்த அதே கட்டை. டங்கண்ணன் நெஞ்சில் மெல்ல ஒரு தட்டுத் தட்டி, அவரைப் போலவே தலையைச் சாய்த்துக் கேட்டான்.

"டங்குண்ணே. நல்லா நின்னு பேசுது."

டங்கண்ணன் அவனைப் பார்த்துக்கொண்டே கட்டையை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். ரேடியோவை இன்னும் கொஞ்சம் சத்தமாக வைக்கச் சொல்லி, கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, போய்விட்டார்கள், நிஜம்தான் என்று அறிவித்தார். விருத்தாசலத்தைப் பொறுத்தவரை மனிதன் நிலாவில் இறங்கியது அந்த நிமிஷத்தில்தான்.

தீபாவளிக்கு டங்கண்ணனே ஒரு புது டிரான்சிஸ்டர் வாங்கி வந்தார். சூளைப் பக்கம் கொண்டுபோகக்கூடாது என்ற நிபந்தனையோடு வரதராஜன் அதை ஏற்றுக்கொண்டான். சவரிமுத்துவுக்கு வேலை நிரந்தரமானது. அவன் கல்யாணத்தில் டங்கண்ணன் காபித் தம்ளரைத் தட்டாமலே வாங்கிக் குடித்தார். நாங்கள் எல்லாரும் அதைப் பார்த்தோம்.

அவர் தட்டிச் சொன்ன எத்தனையோ தீர்ப்புகளை வாய் பேசாமல் ஏற்றுக்கொண்டவன் நான். தன் நெற்றியைத் தட்டிவிட்டு ஒன்று சொன்னாரே, அது மட்டும் தப்பு.