ஆமென் சொல்வதற்குள் ஒரு அப்டேட்

ஜெப நேரத்தில் கண்ணைத் திறப்பது பாவமா என்பதை வேதம் படித்தவர்கள்தான் சொல்ல வேண்டும். என்னளவில் அது பாவம்தான். செய்தவன் நான், தண்டனை அனுபவித்தவள் என் அக்கா.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பெங்களூரில் ஒரு கம்பெனியில் சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. (நிஜமாகவே பார்ப்பது மட்டும்தான். தொடுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள்.) ஆனால் லீவுக்கு ஆழ்வார்குறிச்சி வந்துவிட்டால் கம்ப்யூட்டரைக் கண்டுபிடித்தவனே நான்தான் என்பதுபோல் நடப்பேன். அக்காவின் பழைய லேப்டாப்பில் இருந்த இயங்குதளத்தை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டது நான். திருடன் எடுத்தாலும் திறக்க முடியாதபடி ஹார்ட் டிஸ்க் முழுவதையும் கடவுச்சொல் போட்டுப் பூட்டியதும் நானே. இரண்டையும் அவள் கேட்கவில்லை.

அக்கா ஹெலன் தாவரவியலில் டாக்டர் பட்டம் வாங்கியவள். வாங்கி என்ன? அம்பாசமுத்திரத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஒன்பது வருஷமாக ஏழாம் வகுப்புக்கு ஒளிச்சேர்க்கை நடத்திக்கொண்டிருந்தாள். எத்தனையோ விண்ணப்பங்களுக்குப் பிறகு அந்த வருஷம்தான் முதல்முறையாக ஒரு வெளியூர்க் கல்லூரி, உதவிப் பேராசிரியர் வேலைக்கு, ஆன்லைன் நேர்காணலுக்குக் கூப்பிட்டது. பதினைந்து நிமிஷம் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மணிமுத்தாறு பஸ்ஸைப் பிடித்துப் போய், பாறை பாறையாக ஏறி அவள் எடுத்த பெரணிச் செடிப் படங்களை வைத்துத்தான் அந்தப் பாடம். படங்கள் எல்லாம் லேப்டாப்பில் இருந்தன. வேறெங்கும் இல்லை.

சனிக்கிழமை காலை பதினோரு மணிக்கு நேர்காணல். பத்தரைக்கு அப்பா ஜெபத்துக்குக் கூப்பிட்டார். எங்கள் வீட்டில் ஜெபம் இல்லாமல் குக்கர்கூட அடுப்பில் ஏறாது. அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். அவர் ஜெபம் உலக சமாதானத்தில் தொடங்கி, வடநாட்டு மிஷனரிகள், தாமிரபரணிக்கு மழை, திருச்சபையின் கட்டட வேலை என்று வந்து கடைசியில்தான் வீட்டுக்குள் நுழையும். குறைந்தது இருபது நிமிஷம்.

எல்லாரும் கண்ணை மூடினார்கள். நான் மூடவில்லை. மேஜைமேல் லேப்டாப் திறந்திருந்தது. ஓரத்தில் ஓர் அறிவிப்பு: 'பாதுகாப்பு அப்டேட் காத்திருக்கிறது.'

அந்தச் சமயம், கம்ப்யூட்டரின் மூளையான பிராசசரில் இருந்த பாதுகாப்பு ஓட்டை பற்றித்தான் எங்கள் ஆட்களிடையே ஒரே பேச்சு. பிராசசருக்கு அவசரப் புத்தி. அடுத்து என்ன கேட்பார்கள் என்று யூகித்து, கேட்குமுன்பே வேலையைச் செய்து வைக்கும். (வந்தவர் செருப்பைக் கழற்றுமுன் காப்பியை நீட்டும் எங்கள் அம்மா மாதிரி.) யூகம் தப்பினால் செய்ததைக் கலைத்துவிடும். ஆனால் கலைத்த இடத்தில் தடம் கிடக்கும், அதைக்கொண்டு நம் ரகசியத்தைத் திருடிவிடலாம். அதை அடைக்க, இயந்திரத்தை நேராகக் கட்டி மேய்க்கும் கர்னல் என்ற அடிப்பகுதியைப் புதுப்பிக்க வேண்டும். அக்காவின் லேப்டாப்பில் திருட என்ன இருந்தது? பெரணி. இதெல்லாம் இப்போது தோன்றுகிறது. அப்போது தோன்றியது, நேர்காணல் நடுவே இந்த அறிவிப்பு திரையில் குதித்தால் என் மானம் என்னாவது என்பதுதான்.

பைய கையை நீட்டினேன். அக்கா ஒரு கண்ணைத் திறந்தாள்.

"ஏலே, என்னலே பண்ணுத? அதுல கை வைக்காத."

"பத்தே நிமிசம்க்கா. அப்பா இன்னும் மிஷனரிக்கே வரல."

"சாமு, ஒன்னக் கையெடுத்துக் கும்புடுதேன்..."

அம்மா உஸ்ஸென்றாள். அக்கா கண்ணை மூடிக்கொண்டாள்.

மழைக்கு ஜெபம் வரும்போது புது கர்னல் வந்துவிட்டது. திருச்சபைக் கட்டடம் நடந்துகொண்டிருந்தபோது, இடத்தை அடைக்கிறதே என்று பழைய கர்னலையும் நீக்கினேன். 'நிச்சயமாகவா?' என்று அது கேட்டது. நிச்சயம் என்று தட்டினேன். "உம் மகள் ஹெலனுக்காக" என்று ஜெபம் வீட்டுக்குள் நுழைந்தபோது மறுதொடக்கம் கொடுத்தேன். கடவுச்சொல் கேட்டது, போட்டேன். அப்பா ஆமென் சொன்னார். திரை கறுப்பாக இருந்தது.

கறுப்பாகவே இருந்தது. அந்த லேப்டாப்பின் பழைய கிராபிக்ஸ் அட்டைக்கு நான் தனியாகத் தேடிப் போட்டிருந்த டிரைவர் என்ற மென்பொருளுக்குப் புது கர்னலோடு ஒத்துப்போகவில்லை. பழைய கர்னல் இருந்தால் அதில் ஏறித் தப்பியிருக்கலாம். அதைத்தான் துடைத்தாயிற்றே!

மணி பத்து ஐம்பத்தைந்து. "சும்மா கெடந்த சங்க ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி" என்றாள் அம்மா. அப்பா மறுபடி கண்ணை மூடினார்.

அக்கா அழவில்லை. போனை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் போய் உட்கார்ந்து, அதிலேயே நேர்காணலில் சேர்ந்தாள். "படங்களைத் திரையில் காட்டுங்கள் மேடம்" என்று அவர்கள் கேட்பது எனக்கும் கேட்டது. "சின்ன இடைஞ்சல் சார், வாயாலேயே சொல்றேன்" என்றாள். பெரணியின் இலை எப்படிச் சுருண்டிருந்து விரியும் என்று வெறும் விரலைச் சுருட்டி விரித்துக் காட்டினாள். நான் அடுக்களை வாசலில் நின்று பார்த்தேன். ஏழாவது நிமிஷத்தில் நன்றி சொல்லிவிட்டார்கள்.

அவர்கள் போனை வைத்து அரைமணி நேரத்தில் லேப்டாப்பைச் சரிசெய்துவிட்டேன். லேப்டாப் தொடங்கும்போது வரும் கட்டளை வரியில் ஒரே ஒரு சொல் சேர்த்தால் போதும், நேற்று லினக்ஸ் போட்ட பொடியனுக்கும் தெரியும். பதற்றத்தில் எனக்கு மறந்துபோயிற்று. எல்லாப் பெரணியும் பளபளவென்று வந்தது. "அக்கா, வந்துட்டு பாரு!" என்று கத்தினேன். (ஆம், கத்தினேன். என்ன ஜென்மம் நான்!) அவள் வந்து ஒரு தடவை பார்த்துவிட்டு மூடினாள்.

வேலை வேறு யாருக்கோ போயிற்று. அதற்குப் பிறகு அக்கா விண்ணப்பம் போடவில்லை. இன்றும் காலையில் அதே அம்பாசமுத்திரம் பஸ்ஸில்தான் போகிறாள். மணிமுத்தாறுக்குப் போவதை விட்டுவிட்டாள். நான் வாங்கிக் கொடுத்த புது லேப்டாப்பை என் கண்ணில் காட்டுவதேயில்லை.

வீட்டில் அது வேடிக்கைக் கதையாகிவிட்டது. குடும்ப ஜெபம் தொடங்குமுன் அப்பா சொல்வார்: "எல்லாரும் கண்ண மூடுங்க. ஏலே சாமு, நீ கையையும் மூடு." எல்லாரும் சிரிப்பார்கள், அக்காதான் அதிகம் சிரிப்பாள். அவள் என் பக்கத்தில்தான் உட்காருவாள். ஆமென் வரைக்கும் என் மணிக்கட்டைப் பிடித்திருப்பாள்.

போன கிறிஸ்துமஸ் ஜெபத்தில், அப்பா மழைக்கு வந்தபோது, மன்னிப்புக் கேட்கலாமென்று மெல்லக் கண்ணைத் திறந்தேன். அக்காவும் திறந்துதான் இருந்தாள். கண் நிறைந்திருந்தது.

"மூடுலே" என்றாள்.