கட்டைவிரலுக்கு ஒரு ஸ்தோத்திரக் கூட்டம்

வைத்தியர்களில் அபூர்வக் கேஸ்காரர் என்றொரு இனம் உண்டு. சாதாரணக் காய்ச்சலோடு நீங்கள் போனால் நாடியைப் பிடித்துக்கொண்டே ஜன்னலுக்கு வெளியே பார்ப்பார். மஞ்சள்காமாலை என்றால் கொட்டாவி விடுவார். ஆனால் தடித்த புத்தகத்தின் அடியில் சின்ன எழுத்தில் 'மிகவும் அரிது' என்று போட்டிருக்கும் ஒன்றோடு போய்விட்டீர்களோ, நாற்காலியை இழுத்துப் போடுவார், கண்ணாடியைத் துடைப்பார், நர்ஸைக் கூப்பிடுவார், நாகர்கோவில் நண்பருக்கு ஆள் அனுப்புவார், உங்கள் பெயரை மட்டும் கேட்க மறந்துபோவார். பெயர் எதற்கு? நோய்தான் இருக்கிறதே.

இவ்வளவு விவரம் எனக்குத் தெரியக் காரணம், நானும் அந்த இனம்தான். அஞ்சுகிராமத்தில் இருபது கட்டில் போட்ட ஓர் ஆஸ்பத்திரியில் டாக்டர்.

ஐம்பத்துமூன்றாம் வருஷம் மளிகைக் கடைக்காரர் நேசையன் வந்தார். ஆறு மாதமாகச் சோறு இறங்கவில்லை, கஞ்சிதான். உணவுக்குழாயில் புற்று. எனக்குப் பழகிய நோய், கொட்டாவி வந்தது. அப்புறம்தான் அவருடைய வலது கட்டைவிரலைப் பார்த்தேன். நகத்தடியில் நெல்லிக்காய் அளவு வீக்கம். சிராய் குத்தியது என்று எண்ணெய் போட்டிருந்தார்கள். ஒரு துண்டு வெட்டித் திருவனந்தபுரத்துக்கு அனுப்பினேன். அதே புற்றுதான் என்று பதில் வந்தது. ஈரலுக்குப் போகும், நுரையீரலுக்குப் போகும், எலும்புக்குப் போகும். கட்டைவிரல் நுனிக்கா? கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். சந்தோஷத்தில் அன்று இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டேன்.

பிறகு நடந்ததெல்லாம் சடங்கு. காலையில் எழுந்ததும் நேசையனைச் சேர்த்திருந்த கட்டிலுக்கு ஓடுவேன், சந்தையில் கத்தரிக்காய் பொறுக்குகிறவனைப் போல விரலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன், அளப்பேன், வளர்ந்திருந்தால் முகமெல்லாம் பல்லாக நர்ஸ் கிளாராவிடம் "அருமை" என்பேன். "விரல் கஞ்சி குடித்தாரா?" என்று விசாரிப்பேன். நோய் எந்த மட்டில் இருக்கிறது என்று நேசையனிடமோ, அவர் மனைவி நேசபாயிடமோ சொன்னேனா? அதற்கு நேரம் ஏது, வைத்தியப் பத்திரிகைக்குக் கட்டுரை எழுத வேண்டாமா?

அளந்து முடித்து வீட்டுக்கு அனுப்பிய பத்தாம் நாள் நேசபாய் வந்து, வீட்டில் ஸ்தோத்திரக் கூட்டம், அவசியம் வரவேண்டும் என்றாள். கட்டுரைக்கு விரலின் படம் வேண்டியிருந்தது. படம் பிடிக்கிறவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

போதகர், நேசையனுக்குக் கிடைத்த சுகத்துக்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லி முடித்திருந்தார். காமிராவைக் கண்டதும் வீடே வரிசையாக நின்றது. நேசையன் கோட்டுப் போட்டு நடுவில் உட்கார்ந்து, வீங்கிய விரலை வேட்டி மடிப்புக்குள் ஒளித்துக்கொண்டார்.

நேசபாயைத் தனியே அழைத்து, "சொகமாச்சுன்னு யாரு சொன்னா?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லலேன்னா எங்களுக்குத் தெரியாதா டாக்டரய்யா? அவியளப் பாத்ததும் உங்க மொகத்துல தெனமும் அப்படி ஒரு சந்தோசம். கொறஞ்சிட்டு வருதுன்னு வெளங்கீட்டு. கண்டித் தோட்டத்துல இருந்து மவன் லீவு போட்டு வாறேன்னு எழுதியிருந்தான். அப்பாக்கு சொகமாச்சு, வரண்டாம்னு கடுதாசி போட்டாச்சு."

என் வாழ்நாளில் அவ்வளவு வெட்கப்பட்டதில்லை. நேசையன் பக்கத்தில் உட்கார்ந்து, நோய் குறையவில்லை, விரல்வரை பரவிவிட்டது, ஒரு மாதம் இருந்தால் அதிகம் என்று சொன்னேன்.

"அப்போ மவனுக்குத் தந்தி அடிக்கணும்," என்றார். பிறகு கையை வெளியே எடுத்து நீட்டினார். "படக்காரரு எவ்வளவு நேரம் நிப்பாரு. பிடிச்சுக்கிடுங்க."

படம் பிடித்துக்கொண்டேன். அப்புறம்தான் தபாலாபீஸுக்கு ஓடினேன். இனம் அப்படி.

நீங்கள் என்னைத் திட்டலாம். அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன்: இதை வாசித்தபோது உங்கள் மனசில் எழுந்த கேள்வி எது? மகன் வந்து சேர்ந்தானா என்பதா? வந்தான், அப்பாவுக்குப் பேச்சு இருக்கும்போதே வந்தான். இல்லை, உணவுக்குழாயில் இருந்த புற்று கட்டைவிரலுக்கு எந்த வழியாகப் போயிற்று என்பதா? அப்படியானால் நான் கொஞ்சம் தள்ளி உட்காருகிறேன், பக்கத்தில் வாருங்கள்.