விசேசத்துக்கு ஒரு ஸ்போரன்

"தோலை இடுப்பில தொங்கவிட்டுக்கொண்டு மணவறைக்கு வர ஏலாது, அண்ணை," என்று சொல்லி ஐயர் தொலைபேசியை வைத்துவிட்டார்.

தங்கராசா கட்டிலில் கிடந்த கில்ட்டை, ஸ்கொட்லாந்து ஆண்கள் கட்டுகிற அந்தக் கட்டம்போட்ட பாவாடையை, வெறித்தார். ஜேர்மனியில், பீலெஃபெல்ட்டில் இறைச்சித் தொழிற்சாலையொன்றில் இருபத்திரண்டு வருடமாகப் பன்றி வெட்டுகிற மனிதர். தோல் அவருக்கு ஒரு பிரச்சினையாக வந்தது இதுதான் முதல் தடவை.

மகள் கம்சனா ஸ்கொட்லாந்துப் பெடியனைக் கட்டப்போகிறாள். "நாங்கள் எல்லாரும் கில்ட் கட்டி வாறம். அப்பாவும் வெக்கப்படாமல் கட்டவேணும்" என்று மாப்பிள்ளையின் தாய் மொய்றா சொல்லி அனுப்பியிருந்தாள். கூலிவேலைக்காரனுக்குச் சபை மரியாதை தெரியாது என்று சம்பந்தி வீடு நினைத்துவிடக்கூடாது. தங்கராசாவுக்கு அந்தப் பயம் ஒன்றுதான்.

கில்ட்டுக்குப் பொக்கற் கிடையாது. அதனால் முன்னால் ஸ்போரன் என்றொரு தோல்பை தொங்கவேண்டும்.

"வெறுந்தோல் சரிவராட்டி மயிர் வைச்சது எடுப்பம். விசேசத்துக்கு அதுதான் திறமாம்," என்று இணையத்தில் ஒன்றை எடுப்பித்தார்.

பெட்டியைத் திறந்த அவருடைய மனைவி நேசமலர் அலறினாள். பைக்கு மூடியாக ஒரு நரித்தலை. கண்ணாடிக் கண்ணால் அவளையே பார்த்தது.

"தோலுக்கே ஏலாதெண்ட ஐயர் முழு நரியை உள்ள விடுவாரோ? இஞ்சேருங்கோ, உங்களுக்கு மூளை இருக்கோ?"

"எனக்கில்லை. நரியின்ர தலைக்குள்ள கிடக்கோ பார்."

கடைசியில் அவளே கத்திரிக்கோலை எடுத்தாள். குளியலறைக்கு வாங்கி வைத்திருந்த, ரப்பர் அடி வைத்த புசுபுசு வெள்ளை விரிப்பு ஸ்போரன் ஆனது.

"கால்மிதியையெல்லோ இடுப்பில கட்டச் சொல்லுறாய்!"

"புதுசு. இன்னும் ஒருத்தரும் மிதிக்கேல்லை. பேசாமல் கட்டுங்கோ."

கலியாணத்தன்று சம்பந்தி வீட்டு ஆண்கள் பன்னிரண்டு பேர் கில்ட்டோடு வரிசையாக நின்றார்கள். தங்கராசா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு மணவறை ஏறினார். தாரைவார்க்கக் குனிந்தார். நைலோன் மயிர் ஓமத்தில் பட்டுக் குப்பென்று பற்றியது. ஐயர் கும்பத்துத் தண்ணீரை அப்படியே அவர் இடுப்பில் கவிழ்த்தார்.

மண்டபம் முழுக்க ரப்பர் நாற்றம். புகைந்துகொண்டே தங்கராசா மொய்றாவின் முன்னால் போய்க் கைகூப்பினார்.

"குறை நினைக்காதேங்கோ. உங்கட பரம்பரை உடுப்பின்ர மரியாதையை நான் கெடுத்துப்போட்டன்."

கம்சனா மொழிபெயர்த்தாள். மொய்றா திருதிருவென்று விழித்தாள். பிறகு கம்சனாவின் காதில் ஏதோ சொன்னாள். கம்சனா வாயைப் பொத்திக்கொண்டு அப்பாவிடம் திரும்பினாள்.

"அப்பா, இவையின்ர வீட்டில ஒருத்தரும் கில்ட் கட்டுறேல்லையாம். உங்கட வாட்ஸ்அப் படத்தில தக்காளிக்குத் தண்ணி விடேக்க கட்டியிருக்கிற கட்டம்போட்ட சாரத்தைப் பாத்துப்போட்டு, நீங்கள் கில்ட் கட்டுற ஆளெண்டு நினைச்சு, சபையில நீங்கள் தனிச்சு நிக்கக்கூடாதெண்டு பன்னிரண்டு பேரும் வாடகைக்கு எடுத்தவையாம்!"