வெற்றுத் தாளை நம்பாத கோட்டு நானா

மனிதர்களை நம்பாதவர்கள் ஊருக்கு நாலு பேர் இருப்பார்கள். தாளை நம்பாத மனிதர், எனக்குத் தெரிந்து, இந்தக் கண்டியில் கோட்டு நானா ஒருவர்தான். அதுவும் எழுதிய தாளை அல்ல, எழுதாத தாளை. வெள்ளைத் தாள் ஒன்று மேசையில் சும்மா கிடந்தால் போதும், பாம்பைக் கண்டவர் மாதிரி கதிரையைப் பின்னுக்கு இழுப்பார்.

நீதிமன்றத்துக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு போட்டோகொப்பிக் கடை. அதன் வாசலில் ஒரு மேசை, இரண்டு பழைய டைப்ரைட்டர், அவர். முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே நானா என்றுதான் கூப்பிடுவோம். வக்கீல்மாரிடம் கிளார்க்காக இருந்து ஓய்ந்த பிறகு மனு, முறைப்பாடு, சத்தியக்கடதாசி என்று சிங்களத்திலும் தமிழிலும் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். கோட்டுக்கு, அதாவது கோர்ட்டுக்கு, பக்கத்தில் இருப்பதால் கோட்டு நானா என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொள்வார்கள். சிலர் அவருடைய கறுப்புக் கோட்டு எங்கே என்றுகூடத் தேடியிருக்கிறார்கள். இரண்டுமில்லை. அவர் போடும் கோடுதான் காரணம். தாளில் எங்கே வெற்றிடம் தெரிந்தாலும் மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை குறுக்கே ஒரு கோடு இழுத்துவிடுவார். அதற்குப் பிறகுதான் அவருக்கு மூச்சே வரும்.

என் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தேன். வாசித்தார், சந்தோசப்பட்டார், துஆ செய்தார். பிறகு பத்திரிகையைத் திருப்பி, பின்பக்கத்தில் சர்ரென்று ஒரு கோடு!

"என்ன நானா, மங்களமான பத்திரிகையில போய்... பின்பக்கம் சும்மாதானே இருக்கு?"

"சும்மா ஈக்கிற எடந்தான் தம்பி, சும்மா ஈக்காது" என்றார்.

எதிர்க்கடையில் தேநீர் சொல்வதென்றால் கூட, "பிளேன்டி ரெண்டு. எழுத்தில, இரண்டு மாத்திரம்" என்றுதான் கத்துவார். ஒரு தடவை மூன்று வந்துவிட்டதாம். அந்த மூன்றாவது பிளேன்டியின் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று ஒரு கிழமை விசாரித்தார்.

என் கடையில் பிழையாகப் போன கொப்பிகளை நாலாகக் கிழிப்பார். மூன்று துண்டு மூன்று குப்பைத் தொட்டிக்குப் போகும். நாலாவது துண்டு அவருடைய சட்டைப்பையில் ஏறி, பஸ்ஸில் கலகெதரைக்குப் போய், அவர் வீட்டு அடுப்பில் எரியும். அடையாள அட்டையைக் கொப்பி எடுக்க வருகிறவர்களை மறித்து, "எதுக்கு?" என்று கேட்பார். சிம் எடுக்க என்று ஒருவர் சொன்னார். கொப்பியின் குறுக்கே நானா எழுதிக் கொடுத்தது: 'சிம் எடுக்க மாத்திரம். காணி விக்க அல்ல.' அந்த மனிதருக்கு ஒரு முழம் காணிகூட இல்லை. "அப்ப அடுத்தவன்ட காணிய இவர் பேரில வித்தா?" என்றார் நானா.

சரி, விசயத்துக்கு வருகிறேன். நாவலப்பிட்டியில் இருக்கும் என் அக்கா ஒருநாள் கிளினிக்குக்காகக் கண்டிக்கு வந்தவள், கடைக்கும் வந்தாள். அத்தான் காலமாகிவிட்டார். உயிரோடிருக்கும்போதே வீட்டை அக்கா பேருக்கு உறுதி எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். அந்த வீட்டு முன்னறையில்தான் அவள் தையல் மெஷின் போட்டு, இரண்டு பெண் பிள்ளைகளைப் படிக்க வைக்கிறாள். அந்த வீட்டை விட்டால் அவளுக்குப் போக்கிடம் கிடையாது.

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் வைத்தாள். அடியில் அவளுடைய ஒப்பம் மட்டும். மேலே ஒன்றுமில்லை.

"கரண்ட் பில்லு இன்னும் உன் அத்தான் பேர்லயே வருதுடா. பேர் மாத்தணும்னு கொழுந்தன் சொன்னாரு. அடியில ஒப்பம் வச்சு உன் கடையில குடுத்துட்டா, மேல சிங்களத்துல அவரே எழுதிக்குவாராம். பின்னேரம் வந்து வாங்கிக்கிறேன்னாரு. என் ஐடிய ஒரு கொப்பி எடுத்து அதோட சேர்த்து வச்சிரு."

கொழுந்தன் என்றால் அத்தானின் தம்பி. வாயைத் திறந்தால் தேன். நானும் சரி என்று மெஷினைத் திறந்தேன். திரும்பிப் பார்த்தால், நானா பேனையோடு நிற்கிறார்! தலைப்பிலிருந்து ஒப்பம் வரைக்கும் தாளை நிறைத்து, நீலத்தில் ஒரு கோடு. போதாதென்று அதற்குக் குறுக்கே இன்னொன்று.

அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. "என்ன ஐயா இது? அவரு எனக்குக் கூடப்பிறந்த தம்பி மாதிரி. அவரையா சந்தேகப்படுறீங்க?"

"ஆள இல்ல தங்கச்சி, தாளத்தான்."

எனக்கு வந்ததே கோபம். அத்தனை வருசத்துக் கோபமும் மொத்தமாக வந்தது. "ஒங்க கோட்ட ஒங்க வீட்டோட வச்சுக்கங்க நானா! நாளையிலருந்து இங்க மேசை போட வேணாம்!" என்று கத்திவிட்டேன். கத்தியதோடு நில்லாமல் மேசையைத் தூக்கி நடைபாதையில் வைத்தேன். அவர் டைப்ரைட்டர்களைத் துணியால் மூடினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழுந்தன் வந்து சேர்ந்தார், கக்கத்தில் ஒரு ஃபைலோடு. கோட்டைப் பார்த்ததும் தேன் கொஞ்சம் வற்றியது. "பரவால்ல அண்ணி, இன்னொரு தாள்ல அடியில ஒப்பம் வச்சுத் தாங்க" என்றார்.

நடைபாதையிலிருந்து நானாவின் குரல் வந்தது, பாலில் சீனி போட்ட மாதிரி. "எதுக்கு தம்பி வீணா கஷ்டம்? லைட் ஆபீஸ் கடிதந்தானே, என்ன எழுதணும் செல்லுங்க, இப்பவே சிங்களத்தில அடிச்சித் தாறேன். தங்கச்சி கேட்டுட்டு ஒப்பம் வெக்கட்டும். மாதிரிக் கடிதம் ஏதும் ஈக்கா?"

"மாதிரி... இந்த ஃபைலுக்குள்ள... இல்ல, வேணாம், நானே எழுதிக்கிறேன்."

அக்கா வெள்ளந்தி. "குடுங்க தம்பி, பெரிய மனுசன் அடிச்சித் தாறேங்குறாருல்ல" என்று கையிலிருந்த ஃபைலை உருவி, அப்படியே நானாவிடம் நீட்டினாள்.

நானா மேலே இருந்த தாளை எடுத்தார். சிங்களத்தில் அழகான டைப். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தமிழில் நிதானமாக வாசித்தார்: "'மேற்படி வீடு என் கணவருடைய சகோதரருக்கே உரியது. அவருடைய தயவில் நான் அதில் குடியிருக்கிறேன். அவர் கேட்டவுடன் எழும்பிப் போகச் சம்மதிக்கிறேன்.'" பிறகு தலையைத் தூக்கி, "இதில கரண்ட் எங்க தம்பி ஈக்கி?" என்று கேட்டார்.

கொழுந்தன் என்னென்னவோ சொன்னார். வேறு யாருடையதோ கடிதமாம், ஃபைல் மாறிவிட்டதாம். அந்தக் கடிதத்தில் அக்காவின் முழுப் பேரும் வீட்டு இலக்கமும் இருந்தது எப்படி என்று மட்டும் சொல்லவில்லை. அக்கா அழவில்லை. "பஸ் போயிரும், நீங்க கிளம்புங்க" என்றாள். பேச்சில் 'தம்பி' என்ற சொல் இல்லை. அவர் போன பிறகுதான் கதிரையில் உட்கார்ந்தாள்.

"பயப்பட வேணாம் தங்கச்சி" என்றார் நானா. "காணிய மாத்தி எழுத நொத்தாரிசு வேணும், சாட்சி ரெண்டு பேர் வேணும். இந்தத் தாளால வீடு போகாது. ஆனா ஒங்கள வருசக்கணக்கா கோட்டுக்கு இழுத்தடிக்க இது ஒண்ணு போதும். இனி ஆரு கேட்டாலும், வாசிச்சிக் காட்டாத தாளில ஒப்பம் வெக்காதீங்க. நான் கேட்டாலுந்தான்!"

மறுநாள் தன் வேலையை விட்டுவிட்டு அக்காவோடு காணிப் பதிவகத்துக்குப் போய், வீடு அவள் பேரில்தான் இருக்கிறது என்று புத்தகத்தில் பார்த்து, பிரதியும் எடுத்துக் கொடுத்த பிறகுதான் அந்த மனிதர் சாப்பிட்டார்.

மேசையை நானே தூக்கிப் பழையபடி வாசலில் வைத்தேன். "மன்னிச்சிருங்க நானா" என்றேன். "வாயால செல்லாதீங்க, எழுதித் தாங்க" என்றார். விளையாட்டில்லை. எழுதிக் கொடுத்தேன். மன்னிப்புக்கும் என் ஒப்பத்துக்கும் நடுவில் இரண்டு விரல் இடைவெளி இருந்தது. அதிலும் ஒரு கோடு போட்டுத்தான் வாங்கிக்கொண்டார்.

போன வருசம் அவருக்குக் கண்ணில் ஒப்பரேசன். ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கடைக்கு வந்து, ஒரு கவரை என் கையில் வைத்தார். "கண்ணக் கட்டிப் போட்டுருவாங்க தம்பி. பேங்க் விசயம், வீட்டு விசயம், எதுக்காவது என் ஒப்பம் தேவப்பட்டா நீங்களே எழுதிக் குடுங்க."

திறந்து பார்த்தேன். ஒரு வெள்ளைத் தாள். அடியில் அவருடைய ஒப்பம். மேலே ஒன்றுமில்லை.

"நானா, கோடு?"

"ஒங்களுக்கிட்டயா?" என்று கேட்டுவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்.

கண் சுகமாகி இப்போது கலகெதரையில் மகளோடு இருக்கிறார். தாளைத் திருப்பிக் கேட்கவில்லை, நானும் கொடுக்கவில்லை. அது என் அலுமாரியில் இருக்கிறது. மனசு சரியில்லாத நாளில் எடுத்து, மேலிருந்து கீழே ஒரு தடவை வாசித்துவிட்டு வைப்பேன்.