அம்மா வெயில்ல காயவச்ச ஈஸ்ட்

சனிக்கிழமை எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னு. பதுளையில நான் படிக்கிற கம்பஸ் லெப்புல இருந்து நாலு தட்டை ஸ்பிரிங்வெளியில இருக்கிற எங்க தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டுக்குக் கொண்டு போகணும். அவ்வளவுதான்.

தட்டுன்னா சோறு போடுற தட்டு இல்ல. உள்ளங்கை அளவு, மூடி போட்ட பிளாஸ்டிக் தட்டு. உள்ள மதுவம். பாண் மாவுக்குப் போடுற அதே ஈஸ்ட்தான்.

காலையில அது மேல யூ.வி. விளக்குல கழியூதாக் கதிர் அடிச்சேன். அது பட்டா டி.என்.ஏ.யில பக்கத்துப் பக்கத்து எழுத்து ரெண்டும் ஒட்டிக்கும். செல்லு தன் எழுத்தைத் தானே வாசிக்க முடியாம செத்துப்போகும். தப்பிச்ச ஒவ்வொன்னும் பெருகி ஒரு வெள்ளைப் புள்ளியா வளரும், அது எத்தனைன்னு எண்ணணும். அதுதான் என் கடைசி வருஷ ஆய்வு.

"மூணு நாளைக்கு வெளிச்சமே படக்கூடாது, விளங்கிச்சா?"ன்னு என் ஆய்வைப் பார்க்கிற சேர் கேட்டாரு. ஏன்னு விளங்கல. ஆனா திருப்பிக் கேக்க வெக்கம். தலைய ஆட்டிட்டேன்.

லெப்புல மதுவம் வளர்க்கிற சூட்டுப்பெட்டி பழுது. எங்க விறகடுப்புக்கு மேல இருக்கிற பலகை எப்பவும் கதகதன்னு இருக்கும். அதனால தட்டு ஒவ்வொன்னையும் வெள்ளித்தாள்ல சுத்தி, பையில வச்சு பஸ் ஏறினேன். போன தடவை பூஞ்சணம் பிடிச்சிருச்சு. இந்தத் தடவையும் கெட்டா பட்டம் அடுத்த வருஷம்தான்!

பக்கத்து சீட்டுல எங்க லயத்து அக்கா.

"என்ன தங்கச்சி பளபளன்னு? கேக்கா?"

பஸ்ஸுல வச்சு டி.என்.ஏ.யைப் பத்திப் பேசுறதா? "ஆமாக்கா."

"யாருக்குப் பொறந்தநாளு?"

"...அம்மாவுக்கு."

வீட்டுக்கு வந்து தட்டுகளப் பலகையில வச்சேன். "மூடியத் தொறந்துறாதீங்கம்மா"ன்னு சொல்லிட்டுக் குளிக்கப் போனேன்.

அந்த நேரம் பார்த்து வெயில் வந்திருச்சு! ஒரு வாரம் மூடுபனிக்கு அப்புறம் வெயில் வந்தா எங்க லயத்துல யாரும் சும்மா இருக்க மாட்டாங்க. கம்பளி, தலகாணி, விறகு, சப்பாத்து, எல்லாம் வாசலுக்கு வந்துரும்.

குளிச்சுட்டு வந்து பார்க்கிறேன். வாசல்ல சொளகு. சொளகுல மிளகாய். மிளகாய்க்கு நடுவுல என் தட்டு மூணு, வெள்ளித்தாள் இல்லாம!

"அம்மா! என்னம்மா செஞ்சீங்க?"

"ஒன்கூட பஸ்ஸுல வந்த புள்ள வந்து 'பொறந்தநாளு வாழ்த்து'ன்னுச்சு. கேக்கு கொண்டாந்திருக்கேன்னு சொன்னியாமே? பிரிச்சுப் பார்த்தேன். கேக்கையும் காணோம், ஒரு மண்ணையும் காணோம். உள்ள ஒரே வேர்வை. பழுதாயிருமேன்னு காயவச்சேன். மூடியத் தொறக்கல, நீ சொன்ன மாதிரி!"

"நாலாவது எங்க?"

"பலகையிலதான். மூணுல கேக்கு இல்ல, நாலாவதுல மட்டும் இருக்கவா போகுது?"

மூணையும் திரும்ப வெள்ளித்தாள்ல சுத்திப் பலகையில ஏத்தினேன். அம்மாவுக்கு வாழ்த்துச் சொல்ல இன்னும் ரெண்டு வீட்டுக்காரங்க வந்தாங்க. நான் அடுப்படிய விட்டு வெளிய வரவேயில்ல.

செவ்வாய்க்கிழமை சேர் முன்னால வெள்ளித்தாளப் பிரிச்சேன். அம்மா பிரிக்காத தட்டுல வெள்ளைப் புள்ளி ஏழு. மத்த மூணுலயும் எண்ண முடியாத அளவுக்கு ஜே ஜேன்னு மதுவம். செத்ததெல்லாம் எந்திரிச்சு வந்த மாதிரி!

"இந்த மூணும் வெளிச்சத்துல இருந்திச்சா?"

பட்டம் போச்சுன்னு முடிவு பண்ணி, கேக்குல இருந்து மிளகாய் வரைக்கும் ஒப்பிச்சேன். வாழ்க்கையில நான் ஒரே மூச்சுல அவ்வளவு பேசினதில்ல.

சேர் கண்ணாடியக் கழட்டி வச்சிட்டுச் சிரிச்சாரு. "மதுவத்துக்குள்ள ஒரு நொதியம் இருக்கு, என்சைம். வெளிச்சம் பட்டா அந்த ஒட்டின எழுத்தப் பிரிச்சு, டி.என்.ஏ.யைச் சரியாக்கிரும். அதுக்குத்தானே இருட்டுல வைக்கச் சொன்னேன்! மூணு வெளிச்சத்துல, ஒன்னு இருட்டுல. ஒங்க அம்மா ஒங்களவிட நல்ல ஆய்வு செஞ்சிருக்காங்க."

"அப்ப... பாஸா சேர்?"

"இதையே இன்னும் மூணு தடவை செஞ்சு காட்டுங்க. பாஸ்."

சேர் அப்பிடிச் சொல்லி இன்னியோட ஒம்பது நாளு. ஸ்பிரிங்வெளியில இன்னும் வெயில் வரல.